வான்கோழி சூப் வைத்தவர்

அவர் வருவது யாருக்கும் தெரியாது. வந்து நிற்பதுதான் தெரியும்.

நீலகிரியில் அருவங்காட்டு குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியேறிய மூன்றாம் நாள் காலை அது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, பனியில் எதிர்வீடு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து வெயிலில் இருபத்திரண்டு வருஷம் காய்ந்தவள் நான். கண்ணெதிரே ஒரு வீடு காணாமல் போவதும், கொஞ்ச நேரத்தில் கூரை மட்டும் மேலே மிதப்பதும், பிறகு ஜன்னல் வந்து கதவு வந்து முழு வீடாகத் திரும்புவதும் எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு ஆள் நிற்கிறார். கம்பளித் தொப்பி, காக்கிச் சட்டைக்கு மேல் முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், நீட்டிய உள்ளங்கையில் புள்ளி புள்ளியாக ஒரு பெரிய முட்டை.

நான் போட்ட கூச்சலில் அந்த வரிசையில் இருந்த கதவெல்லாம் திறந்தன. குடம் உருண்டு சாக்கடைக்குப் போயிற்று. அந்த மனிதர் மட்டும் அசையவில்லை. முட்டையும் அசையவில்லை.

“பயந்துட்டீங்களா அம்மிணி? பக்கத்து ஊடுதானுங்க. புதுசா குடிவந்திருக்கீங்கன்னு வான்கோழி முட்டை கொண்டாந்தனுங்க.”

“வர்றப்ப ஒரு இருமல் இருமிட்டு வரக்கூடாதா?” என்றேன். வந்த மூன்றாம் நாளே பக்கத்து வீட்டோடு சண்டை. என் வாய் அப்படி.

மறுநாளிலிருந்து இருமிக்கொண்டுதான் வந்தார். ஆனால் அந்த இருமலும் கேட்காது. இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடுவோமோ என்கிற மாதிரி இருமுவார். அது இருமலே இல்லை என்று நான் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பதை என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். இவர் வெடிமருந்துத் தொழிற்சாலை ஆபீஸில் கிளார்க். பக்கத்து வீட்டுக்காரரோ உள்ளே, மருந்து கையாளுகிற கட்டடத்தில். கேட்டிலேயே தீப்பெட்டி, பீடி எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆணி அடித்த செருப்போடு உள்ளே போக முடியாது, அதற்கென்று தனி ஷூ. ஓடக்கூடாது, எதையும் தரையில் இழுக்கக்கூடாது, பொத்தென்று வைக்கக்கூடாது, இரும்பும் இரும்பும் உரசக்கூடாது. மருந்துத் தட்டை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் தூக்கிப் போவதுதான் அவர் வேலை. இருபது வருஷமாக அதே வேலை. மற்ற ஆட்கள் சங்கு ஊதியதும் சட்டத்தையெல்லாம் கேட்டோடு விட்டுவிட்டு, வெளியே வந்து பீடி பற்றவைத்து, பஸ்ஸுக்கு முட்டிமோதுவார்கள். அவர் மட்டும் அதையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீட்டில் டம்ளரை வைப்பதானால் கீழே மடித்த துணி. சாத்துகிற கதவுக்கும் நிலைக்கும் நடுவில் தன் விரல். வாளியின் இரும்புக் கைப்பிடியைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டியிருந்தார். கரண்டி எல்லாம் மரத்தில். நான் ஒரு நாள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டு, “ஏனுங்க, ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?” என்று கவலையோடு வந்து நின்றார். விழவில்லை, நான் சாதாரணமாகத்தான் கழுவுகிறேன் என்று சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஓடவும் மாட்டார். குன்னூர் பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருக்கும். நாங்களெல்லாம் படியிலும் ஜன்னலிலும் தொங்கிக்கொண்டு “ஓடி வாங்க, ஓடி வாங்க” என்று கத்துவோம். அவர் மழையில் நனைந்தபடி, குழம்புச் சட்டியைக் கையில் வைத்திருப்பவர் போல நடந்து வருவார். கடைசியில் கண்டக்டர்தான் தோற்று விசிலடித்து நிறுத்துவார்.

“யோவ், காலுல என்ன சங்கிலியா கட்டியிருக்கு?”

“கோவிச்சுக்காதீங்க. ஓடிப் பழக்கமில்லீங்க.”

அவ்வளவுதான் பதில். ஒரு வருஷத்தில் அந்தக் கண்டக்டர் திட்டுவதை விட்டுவிட்டு, பனிக்குள் அவருடைய தொப்பி தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை எடுக்கச் சொல்லுகிற ஆளாக மாறிப்போனார்.

அவருடைய மனைவி காரமடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். ஒரே ஒரு முறை மலைக்கு வந்து பத்து நாள் தங்கினார். குளிர் ஆகவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். என்னிடம் துணி உலர்த்துகிற இடத்தில் வேறு சொன்னார். “குளிரென்ன பெரிய குளிரு. கம்பளி போத்துனா போச்சு. இந்த மனுசன் பக்கத்துல வந்து நிக்கறது தெரியறதில்லீங்க, எந்திரிச்சுப் போறதும் தெரியறதில்லீங்க. ஊட்டுல ஆளு இருக்குதா இல்லியான்னே தெரியாம எப்படிங்க குடும்பம் பண்றது?” அந்த அம்மாள் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. சத்தமே போடாத ஒரு ஆளுக்குள் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவருக்கு வந்திருக்க வேண்டிய சத்தமெல்லாம் வான்கோழிகளுக்குப் போயிருந்தது. குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறிய ஒரு துரைசானி, போகிற அவசரத்தில் ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். அது பெருகி, வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக்குள் பத்துப் பன்னிரண்டு நின்றன. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் போதும், சேவல்களெல்லாம் கழுத்துச் சதையைச் சிவப்பாக்கிக்கொண்டு ஒரே குரலில் பதில் சொல்லும். லாரி ஹாரன் அடித்தாலும் பதில், எதிர்வீட்டு அக்கா மகனைக் கூப்பிட்டாலும் பதில். அந்த அக்கா சேலத்துக்காரர். ஸ்வெட்டர் பின்னுவதிலும் ஊர்க்கதை பேசுவதிலும் அந்த லைனில் அவருக்கு நிகர் கிடையாது. “என் குரலுக்கு எதிர்ப்பாட்டு பாடுற ஒரே பொறப்பு இதுங்கதான்” என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ அந்த ஆரவாரத்துக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, முட்டைக்கோஸ் இலையைக் கிழித்துப் போட்டபடி, யாரோ நல்ல செய்தி சொல்லுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு வெலிங்டன், குன்னூர் பங்களாக்களிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார்கள். மிச்சத்தில் எப்போதாவது ஒன்று அவர் வீட்டுச் சட்டிக்குப் போகும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதன்முதலில் அந்த சூப்பைக் குடித்தேன். குடித்தேன் என்று சொல்லுவதே தப்பு. அதைச் சாப்பிட வேண்டும். கரண்டியை விட்டால் நிற்கும்.

எலும்பைத் தனியே வேகவைத்துச் சாறு எடுப்பார். நெஞ்சுக் கறியையும் தொடைக் கறியையும் கொத்துக்கறி ஆக்க வேண்டும். கசாப்புக் கடையில் கொத்துகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள். இவர் பலகைக்கு அடியில் நனைத்த சாக்கை நாலாக மடித்துப் போடுவார். கத்தியை ஓங்கவே மாட்டார். நுனியை ஊன்றிக்கொண்டு பிடியை மட்டும் ஏற்றி இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக அரிந்துகொண்டே போவார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கறி பூப்போலக் கிடக்கும். பிறகு வெண்ணெயில் மலைப்பூண்டு, வெங்காயம், அதன்மேல் கறி. கட்டி தட்டாமல் மரக்கரண்டியால் பிரித்துப் பிரித்துப் புரட்டுவார். கேரட், பீன்ஸ், நூக்கல், டர்னிப், உருளைக்கிழங்கு, கோஸ் எல்லாம் ஒரே அளவுக்கு, பச்சைப்பட்டாணி அளவுக்கு. ஒரு பிடி பார்லி. லீக்ஸ், செலரி கடைசிக்குச் சற்று முன். மிளகு தட்டிப் போடுவதானால் அம்மியில் வைத்து நசுக்குவாரே தவிர இடிக்க மாட்டார். உப்பு சட்டியை இறக்கும்போதுதான்.

இதையெல்லாம் இன்று யாரிடமாவது சொன்னால் சிரிக்கிறார்கள். என் மருமகள் கோழிக்கறியை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, காயைப் போட்டு, குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்துவிடுகிறாள். உண்மையைச் சொன்னால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் எங்கள் காலத்தில் அந்த லைனில் யாரிடமும் குக்கர் கிடையாது. மலைக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். உலை சீக்கிரம் கொதித்தது. அடடா, மலைத் தண்ணீருக்கு என்ன வேகம் என்று சந்தோஷப்பட்டு, நம் ஊர்க் கணக்குப்படி நேரம் பார்த்து இறக்கினேன். அரிசி நறுக்கென்றது, துவரம்பருப்பு சரளைக்கல்லாக நின்றது. என் வீட்டுக்காரர் ஒரு குறையும் சொல்லாமல் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. நான் தண்ணீரைத் திட்டி, பருப்பைத் திட்டி, கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பின்வாசலில் கேட்காத இருமலோடு பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்.

“பருப்பு மேல தப்பில்லீங்க அம்மிணி. இங்க தண்ணி வெரசாக் கொதிச்சுப் போகும். ஆனா அந்தக் கொதிக்குச் சூடு பத்தாதுங்க. நீங்க பாட்டுக்கு அடுப்புல உட்டுப்போட்டு, இன்னொரு வேலையப் பாருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“வேகற மட்டுமுங்க.”

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோபம்தான் வந்தது. ஆனால் மலையில் சமைக்க அதற்குமேல் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, தேவையும் படவில்லை.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில் எனக்கு முதல் பிரசவம். குன்னூரில் ஆஸ்பத்திரி. இரண்டு நாள் வலி, கடைசியில் மயக்க ஊசி. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் வயிறு காலியாக இருந்தது, பக்கத்தில் தொட்டிலும் காலியாக இருந்தது. பெண் குழந்தை, பிறக்கும்போதே மூச்சில்லை என்றார்கள். அருவங்காட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அடக்கமும் செய்துவிட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம் அது. தாய் முகம் பார்த்தால் மறக்க மாட்டாள், பார்க்காவிட்டால் சீக்கிரம் தேறிவிடுவாள் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நான் பார்க்கவில்லை. தேறவும் இல்லை.

வீட்டுக்கு வந்து உள்ளறைக் கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மூன்று வாரம். அந்த நாட்கள் எனக்கு நாட்களாக நினைவில்லை. ஜன்னலில் வெள்ளையாக வரும், சாம்பலாகப் போகும். பனி அறைக்குள்ளேயே வந்து நிற்கிற மாதிரி இருக்கும். யாரோ டம்ளரில் கஞ்சி வைப்பார்கள், அதில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், யாரோ எடுத்துக்கொண்டு போவார்கள். சாப்பிடக் கூடாதென்று வைராக்கியமெல்லாம் இல்லை. தொண்டை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. அவள் எப்படி இருந்தாள்? வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தபின் அவரிடம் கேட்பதை விட்டேன். எதிர்வீட்டு அக்கா, “அதெல்லாம் இப்ப எதுக்கும்மா, அடுத்த வருசம் ஒண்ணு பொறக்கும் பாரு” என்றார். என் அம்மா கடிதத்தில், முகம் பார்க்காததே நல்லது என்று எழுதியிருந்தாள். முகம் தெரியாததால் அவள் எனக்குத் தினம் ஒரு முகத்தோடு வந்தாள். சில நாள் முகமே இல்லாமல் வந்தாள்.

இன்னொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். குன்னூரிலிருந்து அருவங்காடு வரும் ரோடு அந்த மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கொண்டுவந்த ஜீப் என்னையே தூக்கித் தூக்கிப் போட்டது. அவளையும் இப்படித்தானே கொண்டுவந்திருப்பார்கள்? தலை நிற்காத பிள்ளை. எங்கே வைத்திருப்பார்கள், யார் மடியில், துணி போதுமான அளவு சுற்றினார்களா, குழியில் இறங்கி ஏறும்போது தலை அடிபட்டிருக்குமோ? மூச்சில்லாத பிள்ளைக்கு வலிக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கண்ணை மூடினால் ஜீப் குலுங்கும், நான் திடுக்கிட்டு விழிப்பேன்.

அப்படி ஒரு நாள் காலை, சங்கு ஊதி ஆண்களெல்லாம் போன பிறகு, அறை வாசலில் எதிர்வீட்டு அக்கா வந்து நின்றார். அவர் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர். கையில் மூடிய சட்டி, தோளில் காய்ப்பை. வேலை நாளில் அவரை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

“அரை நாள் லீவு போட்டனுங்க. ஊட்டுக்காரருகிட்டக் கேட்டுப்போட்டேன். உங்க அடுப்படியில சூப்பு வெக்கட்டுமாங்க?”

“உங்க வீட்டுலயே வச்சுக் கொண்டாரலாமே அண்ணே” என்று எனக்குப் பதிலாக அக்காதான் சொன்னார்.

“கொண்டாரதுக்குள்ள ஆறிப்போகுமுங்க. வாசம் இந்த ஊட்டுக்குள்ள இருக்கோணும்.”

 வைத்தால் வைக்கட்டும், என்னவோ செய்யட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பெண்பிள்ளை படுத்திருக்கிற வீட்டில் ஒரு ஆண்பிள்ளை தனியாகச் சமைப்பதா என்று ஊர் பேசக் கூடாதே, அதற்காக அக்கா முன்னறையில் நாற்காலி போட்டு, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார். அரை மணி பேசிப் பார்த்தார். பதில் சொல்ல யாரும் இல்லாததால் அப்படியே தூங்கிப்போனார்.

அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை. என் வீட்டு ஸ்டவ் பம்ப் அடிக்கிற ஸ்டவ், பற்றவைத்தால் ரயில் எஞ்சின் மாதிரி இரையும். அது இரையவில்லை. தன் வீட்டுக்குப் போய்த் திரி ஸ்டவ்வை எடுத்துவந்திருப்பார் போல. பாத்திரம் உருளவில்லை, தண்ணீர் ஊற்றும் ஓசை இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று வாரமாக யார் என்ன பேசினாலும் காதில் வாங்காதவள், ஒன்றும் கேட்காததைக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் வெண்ணெயில் பூண்டு பொரிகிற வாசம் வந்தது. நெடுநேரம் கழித்துக் கறி. அப்புறம் வாசமும் நின்ற மாதிரி இருந்தது. ஆள் போய்விட்டாரா? அடுப்பை அணைத்தாரா, அப்படியே விட்டாரா? என்ன மனுஷன் இவர், ஒரு கரண்டியையாவது தட்டக் கூடாதா? உள்ளுக்குள் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த மூன்று வாரத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்தக் கோபம்தான்.

பார்த்துவிடுவோம் என்று எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, தரை சில்லென்று காலில் ஏற, அடுப்படி நிலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழுந்து நடந்துவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது.

அவர் அங்கேதான் இருந்தார். நின்றபடி கிண்டிக்கொண்டிருந்தார். முறத்தில் காய்கள் கூறு கூறாகக் குவிந்திருந்தன. ஜன்னலில் பனி, சட்டியில் ஆவி, இரண்டுக்கும் நடுவில் அந்தக் கம்பளித் தொப்பி. என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

“வாங்க அம்மிணி. மணையில உக்காருங்க, தரை கூசும். இன்னும் வேகோணும்.”

உட்கார்ந்தேன். கேரட் போட்டார். கிண்டினார். பீன்ஸ் போட்டார்.  ஆறுதல் சொல்லவில்லை, அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த அமைதியில் எனக்கு வாய் திறந்தது.

“அண்ணே, அன்னைக்கு இவரோட ஆஸ்பத்திரிக்கு நீங்களும் போனீங்களாமே.”

“போனனுங்க.”

“அவளைப் பாத்தீங்களா?”

 இவரும் திரும்பிக்கொள்வார், அல்லது மறந்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கரண்டியை எடுத்துத் துணிமேல் வைத்தார். திரியைக் கொஞ்சம் இறக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“பாத்தனுங்க. நல்லாப் பாத்தனுங்க.” கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னார். “தல நெறைய முடிங்க. நெத்தியில சுருண்டு ஒட்டியிருந்துச்சு. நெறம் உங்க நெறம். மூக்கு அவங்க அப்பாருது, பொடிசா. காது மடல்ல இந்தா, இந்த எடத்துல மயிரு பட்டு மாதிரி இருந்துச்சுங்க. கையி ரெண்டும் மூடியிருந்துச்சு. கட்டை வெரலு உள்ளுக்குள்ள. நகம் வளந்திருந்துச்சுங்க.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சுங்க. தூங்கற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லமாட்டனுங்க, அப்படி இல்லீங்க. ஆனா மொகத்துல நோவு எதும் இல்லீங்க அம்மிணி.”

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல, தினம் ஒரு முகத்தோடு வந்தவள் ஒரே முகத்தோடு வந்து நின்றாள். நெற்றியில் சுருண்ட முடி, பொடி மூக்கு, உள்ளே மடங்கிய கட்டைவிரல். என் மகள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை, யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

“அந்த ரோட்டுல ஜீப்பு அப்படி ஆடுதே அண்ணே. அவ தலை… ரொம்பக் குலுங்கியிருக்குமே.”

அவருக்கு நான் கேட்டது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. இதைத்தானே கேட்பார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

“ஜீப்பு வந்து நின்னுச்சுங்க. நான் ஏத்த உடலீங்க. அந்த ரோட்டுல ஜீப்புல வெச்சா என்ன பண்ணுனாலும் குலுங்குமுங்க. நான் கையில வாங்கிட்டு நடந்து வந்துட்டனுங்க. ஊட்டுக்காரரு கொடை புடிச்சாரு.”

“குன்னூர்லேர்ந்தா?”

“நாலு மைலு இருக்குமுங்க. மெதுவாத்தான் வந்தமுங்க.” இரண்டு முன்னங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, எப்படி ஏந்தியிருந்தார் என்று காட்டினார். “ஒருக்காக்கூடக் குலுங்கலீங்க.”

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வீட்டுக்கு வந்தும் அழவில்லை, அன்று அடுப்படியில் மணைமேல் உட்கார்ந்து ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதேன். முன்னறையில் அக்கா விழித்து, நூல்கண்டு உருள ஓடிவந்து, “புள்ளகிட்ட என்னத்தச் சொன்னீங்க அண்ணே, கொஞ்சமாவது புத்தி வேண்டாமா” என்று அவரைச் சத்தம் போட்டார். அவர் எழுந்து போய்த் திரியை ஏற்றினார். நான் அழுது முடிக்கும்வரை கிண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் உப்புப் போட்டு, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தார்.

கறியும் காயும் கரைந்து, பார்லி பஞ்சாக வெந்திருந்தது. தொண்டையில் இறங்குகிற வழியெல்லாம் சுட்டது. ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். இன்னொன்று ஊற்றச் சொன்னேன். மூன்றாவதற்கு அவர் சட்டியிடம் போகப் பார்த்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே எழுந்து போய் ஊற்றிக்கொண்டேன்.